பக்கத்து இலை

போன வருஷம் ஒரு புதன்கிழமை சாயங்காலம், சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் கால்மணி நேரம் நின்றுகொண்டிருந்தேன். ஐந்து நிமிட நடையில் ஓர் உணவகம். அங்கே ஒரு மேசையில் எனக்கும் இடம் போட்டிருந்தார்கள். மற்ற ஐந்து இடங்களில் யார் உட்காரப்போகிறார்கள் என்று தெரியாது. என்ன துறை, எந்த நாடு, எந்த ராசி என்று மட்டும் முந்தின நாள் இரவு கைப்பேசிச் செயலி சொல்லியிருந்தது. அந்த நேரம் பார்த்துத் திருச்சியிலிருந்து அம்மா கூப்பிட்டார்.

"எங்கடி இருக்க, ஒரே இரைச்சலா இருக்கு?"

"சாப்பிடப் போறேம்மா."

"யாரு கூட?"

"இனிமேதாம்மா தெரியும்."

அம்மா பேசவில்லை. பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "கல்யாணப் பந்தியில பக்கத்து இலையில யாரு உக்காருவாங்கன்னு கேட்டுக்கிட்டா உக்கார்றோம்? புள்ள போய்ச் சாப்பிட்டு வரட்டும், விடு."

அந்த வாக்கியம் இல்லையென்றால் அன்றைக்குத் திரும்பி ரயில் ஏறியிருப்பேன்.

எனக்கு முப்பத்தாறு வயது. சிங்கப்பூருக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் வார இறுதி முழுக்க ஆட்கள் இருந்தார்கள். ஒவ்வொருவராகக் கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, பொங்கோல் பக்கம் வீடு வாங்கிப் போனார்கள். பாசம் குறையவில்லை, நேரம்தான் குறைந்தது. கடைசியில் எனக்கு மிஞ்சியது அலுவலகம், வீடு, சனிக்கிழமை தேக்கா சந்தை. உணவங்காடி நிலையத்தில் சாப்பிட உட்கார்ந்தால் ஒரே மேசையில் முன்பின் தெரியாதவர்கள் வந்து உட்காருவார்கள். டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் பிடித்து, தட்டோடு வந்து, தலை குனிந்து சாப்பிட்டு எழுந்து போவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். பதினோரு வருஷத்தில் ஆயிரம் பேரோடாவது ஒரே மேசையில் சாப்பிட்டிருப்பேன். ஒருவர் பெயரும் தெரியாது.

துணை வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த ஆசையை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்பதுதான் கேள்வியாக இருந்தது.

புதன்கிழமை மேசைக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு விருந்துக்குப் போயிருந்தேன். சிங்கிள்களுக்கு மட்டும் என்று அறிவித்து ஒரு குழு நடத்தியது. நீளமான மேசை. ஒரு பக்கம் பத்து ஆண்கள், எதிர்ப்பக்கம் பத்துப் பெண்கள், எல்லோர் நெஞ்சிலும் பெயர் அட்டை. எட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை மணி அடிக்கும், ஆண்கள் ஓர் இடம் நகர்ந்து உட்காருவார்கள். சாப்பாடு நகராது. முன்னால் உட்கார்ந்தவர் கடித்து வைத்த ரொட்டிக்கு முன்னால் அடுத்தவர் வந்து உட்காருவார். என்ன வேலை, நிரந்தரவாசியா சிட்டிசனா, எந்த ஏரியா, சொந்த வீடா வாடகையா? மூன்றாவது ஆளுக்குப் பதில் சொல்லும்போதே என் குரல் எனக்குப் பதிவு செய்த குரல் போலக் கேட்டது. ஊரில் இரண்டு தடவை என்னைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். சொஜ்ஜி, பஜ்ஜி, ஜமக்காளம், ஜன்னலோரம் எட்டிப் பார்க்கும் சித்தி. அதிலாவது பஜ்ஜி சூடாக இருந்தது, சித்தி என் பக்கம் நின்றார். இங்கே என் பக்கம் யாருமில்லை.

அந்த விருந்துக்கு வந்த இருபது பேரும் நல்லவர்களாக இருந்திருக்கலாம். குறை ஆட்களில் இல்லை, உட்கார வைத்த விதத்தில் இருந்தது. எதிரெதிரே உட்கார வைத்துவிட்டால் பார்வை தேர்வாகிவிடுகிறது. எதிரில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்பதைவிட அவருக்கு எத்தனை மதிப்பெண் என்று மனம் எண்ண ஆரம்பித்துவிடுகிறது. நிமிடக் கணக்கில் ஆள் மாறிப் பேசும் இந்த முறையை 1998இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து யூத மதகுரு யாகோவ் டேயோ தொடங்கினார். தன் சமூகத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் சந்திக்க வழியில்லையே என்ற கவலையில் பெவர்லி ஹில்ஸில் ஒரு காப்பிக் கடையில் ஆரம்பித்தது அது. ஒரே சமூகம், ஒரே நோக்கம் என்றால் அது பொருந்தலாம். காப்பிக்கும் பொருந்தலாம். சாப்பாட்டுக்குப் பொருந்தவில்லை. சாப்பாட்டுக்கு ஒரு வேகம் இருக்கிறது, மணி அடித்து அதை மாற்ற முடியாது.

இதைப் பற்றி அலுவலகத்தில் ஜப்பானியத் தோழி ஒருத்தியிடம் சொன்னபோது, அவள் 'கோகொன்' பற்றிச் சொன்னாள். ஜப்பானில் கல்லூரிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் பழக்கம் இது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும், ஏற்கெனவே அறிமுகமானவர்கள், பொறுப்பெடுத்துக்கொள்வார்கள். அவன் தன் நண்பர்கள் மூன்று நான்கு பேரை அழைத்து வருவான், அவளும் அதே எண்ணிக்கையில் தோழிகளை அழைத்து வருவாள். மதுக்கடையுடன் சேர்ந்த உணவகத்தில் எதிரெதிரே உட்காருவார்கள், நடுவில் ஒரு தடவை இடம் மாறுவார்கள். "எதிரெதிரேதானே உட்காருகிறீர்கள், அதில் பயமில்லையா?" என்றேன். "என் பக்கத்தில் என் தோழி இருப்பாளே" என்றாள். அந்தப் பதில் எனக்குள் ஆழமாக இறங்கியது. உட்சுனோமியா என்ற ஊரில் 2004இல் இதையே ஊர் அளவுக்குப் பெரிதாக்கியிருக்கிறார்கள். கையில் பட்டை கட்டிக்கொண்டு, ஊரிலுள்ள பல உணவகங்களுக்குப் படியேறி இறங்கலாம். 'மச்சிகொன்' என்று பெயர். அதற்கும் பெரும்பாலும் இரண்டிரண்டு பேராகத்தான் போவார்களாம். தனியாக இருப்பவரைத் தனியாக அனுப்பாமல் இருப்பது ஒரு பெரிய அக்கறை. ஊரில் பெண் பார்க்கும்போது சித்தி நின்ற இடம் அதுதான்.

சிங்கப்பூருக்கும் இதில் நீண்ட கதை உண்டு. படித்த பெண்கள் பலர் கல்யாணமாகாமல் இருக்கிறார்கள் என்று 1983 தேசிய தினக் கூட்ட உரையில் அப்போதைய பிரதமர் லீ குவான் யூ பேசியது பெரிய விவாதமானது. மறு வருஷமே, 1984இல், பட்டதாரிகள் சந்தித்துக்கொள்வதற்கென்று அரசாங்கமே எஸ்டியூ (சோஷியல் டெவலப்மென்ட் யூனிட்) என்ற பிரிவைத் தொடங்கியது. பட்டதாரி அல்லாதவர்களுக்கு 1985இல் எஸ்டிஎஸ். விருந்து, நடனம், கப்பல் பயணம் எல்லாம் ஏற்பாடு செய்தார்கள். 2009இல் இரண்டையும் இணைத்து எஸ்டிஎன் ஆக்கினார்கள். எஸ்டியூ என்ற மூன்று எழுத்துக்கு ஊர் ஒரு விரிவு வைத்திருந்தது: 'சிங்கிள், டெஸ்பரேட், அக்லி'. எங்கள் அலுவலகத்தில் ஓய்வு பெற்றுப் போன ஓர் அக்கா தன் கணவரை அந்த விருந்து ஒன்றில்தான் சந்தித்தார். முப்பது வருஷம் ஆகியும், "ஒரு நண்பர் வீட்டில் பார்த்தோம்" என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பிரிவு உபசார நாளன்று என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். நல்ல கணவர், நல்ல வாழ்க்கை. ஆனாலும் சந்தித்த இடத்தைச் சொல்ல நாக்கு எழவில்லை. தனியாக இருப்பவர் ஆள் தேடிப் போவதை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சான்று வேண்டாம்.

சரி, புதன்கிழமைக்கு வருகிறேன்.

டைம்லெஃப்ட் என்ற செயலி 2023இல் லிஸ்பன் நகரத்தில் அந்நியர்களை மேசையில் சேர்க்கும் இந்த ஏற்பாட்டைத் தொடங்கிப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எவ்வளவு செலவழிக்க முடியும், எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்றும் கேட்கும். பிறகு ஆறு பேரை ஒரு மேசையில் சேர்க்கும். புதன்கிழமை இரவு உணவு. எந்த உணவகம் என்பது அன்றைக்குத்தான் தெரியும். இது சிங்கிள்களுக்கு மட்டுமான விருந்து இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். நட்புக்கு என்றுதான் சொல்கிறார்கள், கல்யாணமானவர்களும் வரலாம். எங்கள் மேசையில் ஆறு பேரும் தனியாக இருப்பவர்கள் என்பது பாதிச் சாப்பாட்டில்தான் தெரியவந்தது. அதற்குள் அது பெரிய விஷயமாக இல்லாமல் போயிருந்தது. ஆனால் ஒன்று, பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்கும் கதை எல்லோருக்குள்ளும் இருந்தது. "சும்மா புது நண்பர்கள் கிடைப்பார்களே என்று வந்தேன்" என்றே ஆளுக்கு ஆள் சொன்னோம். அதில் பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. அப்படிச் சொல்லிக்கொள்ள இடம் இருந்ததுதான் எங்களை மூச்சுவிட வைத்தது.

மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வரும் கணக்காளர் பெண். தொடக்கப்பள்ளியில் படிப்பிக்கும் மலாய் ஆசிரியர். குஜராத்தி மென்பொருள்காரர். வங்கியில் வேலை செய்யும் பிரெஞ்சுப் பெண். அப்புறம், மேசைக் கோடியில், மின்தூக்கி பழுதுபார்க்கும் சீனர், நாற்பது வயதிருக்கும். முதல் அரைமணி நேரம் அவர் வாயைத் திறக்கவில்லை. நானும் அவரை அவ்வளவாகக் கவனிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ராபின் டன்பார் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1995இல் ஒன்று எழுதினார்கள். தானாகக் கூடிப் பேசும் ஒரு பேச்சில் நான்கு பேருக்கு மேல் தாங்காது, ஐந்தாவது ஆள் வந்தால் அது உடையத் தொடங்கும் என்று. அதைப் படித்தபோது அம்மாவின் குரல்தான் கேட்டது. "நாலு பேரோட பழகு. நாலு பேர் என்ன சொல்வாங்க. நல்லது கெட்டதுக்கு நாலு பேர் வேணும்." நம் மொழி எப்போதோ நாலு என்று முடிவு செய்துவைத்திருக்கிறது. ஆறு பேர் மேசையில் நடப்பது இதுதான்: பேச்சு இரண்டாகப் பிரியும், மூன்றும் மூன்றும், நான்கும் இரண்டும். பிரிந்து, ஒரு சிரிப்புச் சத்தத்தில் மறுபடி சேரும். நான்கு பேர் மட்டும் என்றால் ஒருவர் சோர்ந்தாலும் மேசை சோர்ந்துவிடும். எட்டு என்றால் கடைசியில் இருப்பவர் காணாமலே போய்விடுவார். ஆறு பேரில் ஒருவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கலாம், யாரும் கணக்கெடுக்க மாட்டார்கள். பேசாமல் இருக்கும் அந்த நேரத்தில்தான் நாம் மற்றவர்களைப் பார்க்கிறோம்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். பரிமாறிய பையன் தண்ணீரைக் கொட்டிவிட்டான். மலாய் ஆசிரியர் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே அவனிடம் "இன்றைக்கு முதல் நாளா?" என்று கேட்டார். முதல் நாள்தான். மென்பொருள்காரர் ஒரு பெண் பேசும்போது இரண்டு தடவை குறுக்கே புகுந்தார், மூன்றாவது தடவை தானே உணர்ந்து நிறுத்திக்கொண்டார். பிரெஞ்சுப் பெண்தான் மேசைக் கோடியைப் பார்த்து, "மின்தூக்கியில் மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார். அவ்வளவுதான், மனிதர் மலர்ந்துவிட்டார். பழைய அடுக்குமாடி வீடுகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது, சில மாடிகளில் மட்டும் நிற்கும், மீதியைப் படியேற வேண்டும். 2001இலிருந்து ஒவ்வொரு புளோக்காக மாற்றி எல்லா மாடியிலும் நிற்க வைத்த வேலையில் அவரும் இருந்திருக்கிறார். ஒரு புளோக்கில் முதன்முதலாக மூன்றாம் மாடியில் கதவு திறந்தபோது, சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி மின்தூக்கிக்காகக் காத்திருந்தாராம். அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. எட்டு நிமிட மணி அடித்திருந்தால் அவர் 'டெக்னீஷியன்' என்ற ஒரு சொல்லோடு அடுத்த இடத்துக்கு நகர்ந்திருப்பார்.

எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்வது ஒரு வகை. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் இன்னொருவரிடம் எப்படி இருக்கிறார் என்று பார்த்துத் தெரிந்துகொள்வது இன்னொரு வகை. எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை. பந்தியில் நாம் பக்கத்து இலையைப் பார்ப்பதும் அப்படித்தானே? அவருக்கு ரசம் வரவில்லை என்றால் நாம் குரல் கொடுக்கிறோம்.

என்ன சாப்பிடுவது என்பதில் நிறைய யோசிக்க இருக்கிறது. இந்த ஊரில் ஆறு பேர் சேர்ந்தால் ஒருவருக்கு ஹலால், ஒருவருக்குச் சைவம், ஒருவருக்கு மாட்டிறைச்சி ஆகாது, ஒருவருக்குக் கடல் உணவு ஒவ்வாது. ஆளுக்கு ஒரு தட்டு என்று கேட்டுவிட்டால் சிக்கல் தீரும், மேசையும் ஆறாக உடையும். நடுவில் வைத்துப் பகிர்ந்தால் மேசை சேரும், யாராவது ஒருவர் வெறும் சோற்றோடு உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு குஜராத்திக்காரர் அப்படித்தான் மாட்டிக்கொண்டார். நான் பார்த்தவரை, மேசை நடுவில் கொதிக்கும் சட்டியில் நாமே வேகவைத்துச் சாப்பிடும் ஸ்டீம்போட் வேலை செய்கிறது, இரண்டு சட்டி வைத்துச் சைவத்தைப் பிரித்துவிட்டால். கை வேலையாக இருக்கும்போது வாய் இளகிவிடுகிறது, மௌனமும் சங்கடமாக இல்லை. எதிரில் ஆள் இருந்தாலும் கண் சட்டியில் இருக்கும். வாழையிலைச் சாப்பாடு அதைவிட மேல். இலை தனி, பரிமாறுவது பொது. யாருக்கு என்ன ஆகாதோ அது அவர் இலைக்கு வராது, அவ்வளவுதான்.

அப்புறம் பில். இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஆனால் முதல் சந்திப்பின் கசப்பு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. இங்கே பல உணவகங்களில் பட்டியல் விலைக்கு மேல் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், அதற்கு மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. 30 வெள்ளி என்று எழுதியிருக்கும் தட்டு கையில் வரும்போது 35.97 வெள்ளி. இரண்டு பேர் மது குடித்து, நான்கு பேர் குடிக்காமல், மொத்தத்தை ஆறாக வகுத்தால் குடிக்காதவர் மனம் சுருங்கும், வாய் திறந்து சொல்லவும் மாட்டார். எங்கள் மேசையில் கணக்காளர் பெண் பில் வருவதற்கு முன்பே, "குடித்ததை அவரவர், சாப்பிட்டதைச் சமமாக, சரியா?" என்று கேட்டார். ஒரே நிமிடத்தில் எல்லோரும் கைப்பேசியிலேயே பேநவ் வழியாகப் பணம் அனுப்பிவிட்டோம். அந்த ஒரு கேள்விக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இன்றைக்கு அவர் எனக்கு நெருங்கிய தோழி.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. முதல் சந்திப்பிலேயே வீட்டு முகவரியைச் சொல்ல வேண்டியதில்லை. சாப்பிட்டபின் வேறு இடத்துக்குப் போகலாம் என்று எல்லோரும் எழுந்தாலும் மனம் இல்லையென்றால் போக வேண்டாம். எந்த மேசையில் இருக்கிறீர்கள் என்பது ஒரு தோழிக்காவது தெரிந்திருக்கட்டும். அன்றைக்கு நான் பத்து மணிக்கு எழுந்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை.

இந்த மேசைகளுக்கு வர முடியாதவர்களை நினைக்காமல் என்னால் இதை எழுத முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேக்கா திடலில், புல்லில் வட்டமாக உட்கார்ந்து, பொட்டலம் பிரித்துச் சாப்பிடும் நம் ஊர்ப் பிள்ளைகள். கட்டுமான வேலை, கப்பல் பட்டறை வேலை. அவர்களும் பலர் சிங்கிள்தான், தனிமை என்னைவிடப் பல மடங்கு. வேலை அனுமதி அட்டையில் இருப்பவர் சிங்கப்பூரர் ஒருவரையோ நிரந்தரவாசியையோ கல்யாணம் செய்ய மனிதவள அமைச்சின் அனுமதி வாங்க வேண்டும். ஆறு பேர் மேசையில் புது மனிதர்களைப் பார்ப்பது, 35 வெள்ளி கொடுக்க முடிகிறவர்களுக்கு மட்டும் கிடைக்கும் வசதியாக இருக்கிறது. இது எனக்கு உறுத்துகிறது. அந்தப் புல்வெளி வட்டத்தில், என்னைப் போன்றவர்கள் யாரும் போய் உட்கார்ந்ததில்லை என்பதும் உறுத்துகிறது.

மூன்று புதன்கிழமைகளுக்குப் பிறகு நானே ஒன்று ஆரம்பித்தேன். பெரிய ஏற்பாடெல்லாம் இல்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம், ரேஸ் கோர்ஸ் சாலையில் ஒரு வாழையிலைக் கடை. வட்ட மேசை கேட்டு வாங்கிக்கொள்வேன். ஆறு பேர். ஜப்பானியத் தோழி சொன்னதிலிருந்து ஒரு விதி எடுத்துக்கொண்டேன்: யாரும் தனியாக வரக்கூடாது, இரண்டிரண்டு பேராக வரவேண்டும், ஒரு ஜோடிக்கு மற்ற ஜோடிகளைத் தெரிந்திருக்கக்கூடாது. நடுவில் ஒரு மீன்தலைக் கறி. நம் மசாலாவும் சீனர்களுக்குப் பிரியமான மீன்தலையும் சேர்ந்து இந்த ஊரிலேயே பிறந்த பண்டம் அது. ஒருவரால் தனியாகச் சாப்பிட்டுத் தீர்க்க முடியாது. மீன் சாப்பிடாதவருக்குப் பருப்பு, கூட்டு, பொரியல் எல்லாம் இலைக்கு வந்துவிடும். செலவும் பாதி.

இதுவரை எட்டு மதியங்கள் நடந்திருக்கின்றன. அங்கே சந்தித்த இருவர் இப்போது சேர்ந்து வீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். இந்த ஊரில் 'பிடிஓ போடலாமா?', அதாவது அரசாங்கம் கட்டித்தரும் புது வீட்டுக்குச் சேர்ந்து விண்ணப்பிக்கலாமா, என்பதுதான் பாதிப் பேருக்குக் காதல் மொழி. எனக்கு அப்படி யாரும் அமையவில்லை. ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்த வாரம் கதவைத் தட்டியவர்கள் மூன்று பேர், மூவரும் அந்த மேசையில் அறிமுகமானவர்கள்.

போன மாதம் அம்மா வந்திருந்தார். சனிக்கிழமை காலை ஒருவர் வரமுடியவில்லை என்று செய்தி அனுப்பிவிட்டார், அவரோடு வரவேண்டிய மின்தூக்கிக்காரர் மட்டும் வந்து நின்றார். விதிப்படி அவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். "நான் வர்றேன் அந்தத் தம்பி கூட" என்று அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிட்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம், அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. பக்கத்துப் பக்கத்து இலை. அவர் ரசத்தைக் கையால் சாப்பிடத் திணறுவதை அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் இலையில் சோற்றைக் குவித்து, நடுவில் குழி பறித்து, இப்படி என்று செய்து காட்டினார். அவர் அதே மாதிரி குழி பறித்தார். அம்மா பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார்.

"தம்பிக்கு ரசம் ஊத்துப்பா, சூடா."